அலுவலகம் கேட்கும் சனிக்கிழமையும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சனிக்கிழமையும்

வாசகர் கேள்வி: நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக மாதச் சம்பளத்தில் வேலை செய்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று நியமன ஆணையில் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு நீண்ட சிகிச்சை தேவைப்பட்டதால் கடன் வாங்கினேன். அதை அடைப்பதற்காக இரண்டு ஆண்டுகளாகச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எட்டு மணி நேரம் ஒரு பயிற்சி மையத்தில் வணிகவியல் பாடம் நடத்துகிறேன். இன்னும் 14 மாதத் தவணை பாக்கி இருக்கிறது. அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளர், வரும் மாதம் முதல் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைகள் எல்லோரும் வர வேண்டும், மாதச் சம்பளக்காரர்களுக்கு அதற்கெனத் தனியாக எதுவும் கிடையாது என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அவரால் அப்படிச் சொல்ல முடியுமா? இரண்டாவது வேலையைக் காரணமாகச் சொல்லி விலக்குக் கேட்கலாமா, அல்லது வீட்டுக் காரணம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பது நல்லதா? மறுத்தால் இருக்கிற வேலையும் போய்விடுமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேட்டிருப்பது மூன்று கேள்விகள் என்றாலும், கடைசிக் கேள்வியின் பயம்தான் மற்ற இரண்டையும் எழுத வைத்திருக்கிறது என்று தோன்றியது. அந்தப் பயம் நியாயமானது. கடனுக்கு நடுவில் ஒரு வருமானத்தைக் காப்பாற்றப் போய் மற்றொன்றை இழக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. பல ஆண்டுகள் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவிலும், பிறகு பணியாளர்களுக்கு ஆலோசகராகவும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில், உங்களுக்குப் பிடிக்காத செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறொரு வேலை இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் முதல் வேலையின் நேரத்திலிருந்து விலக்குத் தர வேண்டும் என்று ஒரு முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் பெரும்பாலான நாடுகளில் இல்லை. ஆகவே நீங்கள் கையில் வைத்திருக்கும் காரணங்களிலேயே பலவீனமானது இரண்டாவது வேலைதான். உங்களிடம் அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது: திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு எட்டு மணி நேரம்.

'மாதச் சம்பளக்காரர்களுக்குத் தனியாக எதுவும் கிடையாது' என்ற வாக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மேலாளர்கள் இதை இயற்கை விதியைப் போலச் சொல்வார்கள், கேட்பவர்களும் அப்படியே நம்பிவிடுவார்கள். சம்பளத்தை மாதக் கணக்கில் கொடுப்பது என்பது பணம் கொடுக்கும் முறையைப் பற்றிய ஏற்பாடு. வேலை நேரத்துக்கு எல்லையே கிடையாது என்ற பொருள் அதற்குள் தானாக வந்துவிடாது. மிகைநேர ஊதியம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேலையின் தன்மையையும் சம்பள அளவையும் பார்த்தே தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு வந்த நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம், வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும் என்று சொல்லி, நிர்வாகப் பொறுப்பிலும் சிறப்புத் தகுதி தேவைப்படும் தொழில்களிலும் இருப்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு வைத்திருக்கிறது. ஒருவர் மாதச் சம்பளம் வாங்குவதனாலேயே அந்த விலக்குக்குள் வந்துவிடுவதில்லை. அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அதே சமயம், சனி, ஞாயிறு என்பதற்காகவே கூடுதல் ஊதியம் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர ஆணை வேறு வழியில் போகிறது: மிகைநேரத்தையும் சேர்த்துச் சராசரியாக வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உச்ச வரம்பு வைத்து, அன்றாடம் 11 மணி நேரத் தொடர் ஓய்வும் வாரத்தில் 24 மணி நேரத் தொடர் ஓய்வும் தர வேண்டும் என்கிறது.

இந்த 24 மணி நேர வார ஓய்வு பழைய கோரிக்கை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இல் தொழிற்சாலைகளுக்கும், 1957இல் வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் தனித்தனியாக உடன்படிக்கை செய்து, ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று எழுதிவைத்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது பரவலாக ஏற்கப்பட்ட உரிமை, ஆனால் சனியும் ஞாயிறும் சேர்ந்த வாரயிறுதி எல்லா இடத்திலும் அப்படிப்பட்ட உரிமையாக இல்லை. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை மட்டும் வரச் சொல்லும் மேலாளர், ஓய்வு நாள் விதியைப் பல இடங்களில் மீறியவராக மாட்டார். 'வாரயிறுதியில் வேலை வாங்குவதே சட்டவிரோதம்' என்று வாதம் தொடங்கினால், அவர் சட்டப் பிரிவைக் கேட்டு ஒரே நாளில் உங்கள் வாயை அடைத்துவிடுவார். உங்கள் வாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அது போக வேண்டிய இடம் நியமன ஆணை. இன்று மாலை அதைத் தேடி எடுங்கள். அதோடு பணி விதிகள், பணியாளர் கையேடு, சேர்ந்த நாளில் படிக்காமல் கையெழுத்திட்ட காகிதங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். முதலில் வேலை நேரத்தைச் சொல்லும் வரியைப் பாருங்கள். 'வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை' என்பதோடு அந்த வரி முடிந்துவிட்டால், அதை மாற்றுவதற்கு உங்கள் ஒப்புதல் தேவை என்று சொல்லக்கூடிய நல்ல நிலையில் இருக்கிறீர்கள். பெரும்பாலான ஆணைகளில் அது அங்கே முடியாது. 'நிறுவனத்தின் தேவைக்கேற்ப இதில் மாற்றம் செய்யலாம்' என்றோ, 'தேவைப்படும்போது கூடுதல் நேரம் பணியாற்ற வேண்டியிருக்கும்' என்றோ ஒரு வால் இருக்கும். அப்படி இருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். 'தேவைப்படும்போது' என்பதும் 'ஒவ்வொரு மாதமும் இரண்டு சனிக்கிழமை' என்பதும் ஒன்றல்ல. ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும்போதும், தணிக்கையாளர்கள் வந்து உட்காரும்போதும் கூடுதல் நேரம் கேட்பது முதல் வகை. ஆண்டு முழுவதும், காரணம் சொல்லாமல், அட்டவணை போட்டு வாங்குவது வேலை நேரத்தையே திருத்துவதாகும். நீங்கள் மேலாளரிடம் பேச வேண்டிய விஷயம் இந்த வேறுபாடுதான்.

அந்தத் திருத்தம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 2,080 மணி நேரம். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 192 மணி நேரம் கூடுகிறது. அது 4.8 வார வேலைக்குச் சமம். ஏறக்குறைய ஐந்து வாரம் நீங்கள் சம்பளமில்லாமல் வேலை செய்யப் போகிறீர்கள். வேறு விதமாகச் சொன்னால், சம்பளச் சீட்டில் ஒரு ரூபாயும் குறையாமலேயே உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு ஏறத்தாழ எட்டரை சதவீதம் குறைகிறது. எல்லோர் சம்பளத்திலும் எட்டரை சதவீதம் பிடிக்கப்படும் என்று மின்னஞ்சல் வந்திருந்தால் உங்கள் பிரிவில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மேலாளர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். பெரும்பாலானவர்கள் போடுவதில்லை. காட்டிய பிறகு சிலர் உண்மையிலேயே யோசிக்கிறார்கள்.

இரண்டாவது வேலையைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் சற்று நிதானமாகப் போக வேண்டும்.

கையேட்டில் இரண்டாவது வேலை பற்றிய விதி இருக்கிறதா என்று தேடுங்கள். பொதுவாக மூன்றில் ஒன்றைக் காண்பீர்கள். சில ஆணைகள் அதைப் பற்றி ஒன்றும் பேசாது. சில, எழுத்து மூலம் முன்அனுமதி பெற வேண்டும் என்று சொல்லும். சில, 'தங்கள் முழு நேரத்தையும் கவனத்தையும் நிறுவனத்துக்கே அளிக்க வேண்டும்' என்று சொல்லி, வேறு எந்த வேலையும் கூடாது என்று தடுக்கும். இத்தகைய முழுத் தடையை எல்லா நாடுகளும் ஏற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த ஆணை, வேலை நேரத்துக்கு வெளியே ஒருவர் வேறு முதலாளியிடம் வேலை செய்வதை முதல் முதலாளி தடுக்கக் கூடாது, அதற்காக அவரை மோசமாக நடத்தவும் கூடாது என்கிறது. உடல்நலமும் பாதுகாப்பும், வணிக ரகசியம், நலன் முரண்பாடு போன்ற புறவயமான காரணங்கள் இருந்தால் கட்டுப்பாடு வைக்கலாம் என்றும் இடம் கொடுக்கிறது. மறுபக்கம், 1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அதே நாளில் ஒருவரை இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்ய விடக் கூடாது என்று தன் 60ஆம் பிரிவில் எழுதியது. சோர்ந்த கையோடு இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு நேரக்கூடிய ஆபத்தை எண்ணிப் பார்த்தால் அந்த விதியின் நியாயம் புரியும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதாததால், உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

விதி எதுவானாலும், எந்த முதலாளியும் நியாயமாகக் கேட்கக்கூடிய நான்கு கேள்விகள் உண்டு. அந்த வேலை எங்கள் போட்டியாளரிடமா? எங்கள் தகவல் அங்கே போகிறதா? எங்கள் நேரத்தையோ கணினியையோ அதற்குப் பயன்படுத்துகிறீர்களா? அந்தக் களைப்பு எங்கள் வேலையில் தெரிகிறதா? வணிகவியல் பாடம் நடத்தும் உங்களுக்கு முதல் இரண்டு கேள்விகளிலும் கவலையில்லை என்று நினைக்கிறேன். வகுப்பில் எடுத்துக்காட்டுக்காகக்கூட உங்கள் நிறுவனத்தின் கணக்கைப் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மூன்றாவதில்தான் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அலுவலக மடிக்கணினியில் வினாத்தாள் தட்டச்சு செய்வது, மதிய இடைவேளையில் மாணவரின் பெற்றோருக்கு அலுவலக மின்னஞ்சலிலிருந்து பதில் அனுப்புவது போன்றவை சின்ன விஷயமாகத் தெரியும். நாளை தகராறு என்று வந்தால் முதலில் திறந்து பார்ப்பது அந்த மடிக்கணினியைத்தான். அப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக் காரணம் சொல்லிச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். நான் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, வாரயிறுதிகளில் திருமண நிகழ்ச்சிகளில் படம் எடுக்கப் போகும் ஊழியர் ஒருவர் இருந்தார். அங்கேயும் திடீரென்று சனிக்கிழமை வேலை வந்தது. அவர் மூன்று மாதத்தில் நான்கு விடுப்பு விண்ணப்பங்கள் கொடுத்தார். இரண்டில் ஒரே உறவினரின் உடல்நிலை காரணமாக இருந்தது, ஒன்றில் அவருடைய பல்வலி, கடைசியில் குழந்தையின் காய்ச்சல். அந்தக் கடைசி சனிக்கிழமை, அவர் கேமராவோடு நின்ற மண்டபத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை அந்த நான்கு விண்ணப்பங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை எழுதியது நான்தான். எழுதும்போது விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டாவது வேலை கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அவர் போட்டோ எடுக்கப் போனதை வைத்து எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. பொய்யான காரணம் காட்டி விடுப்பு எடுத்தார் என்பதற்காகத்தான் வேலை போனது. நேரில் வந்து, 'ஐயா, சனிக்கிழமைகளில் எனக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட வேலை இருக்கிறது, என்ன செய்யலாம்' என்று கேட்டிருந்தால், ஏதோ ஒரு ஏற்பாட்டில் முடிந்திருக்கும். அந்த நான்கு காகிதங்களும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

ஆகவே பொய் வேண்டாம். அதற்காக, கேட்காததையெல்லாம் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் விதிகள் இரண்டாவது வேலையைப் பற்றிப் பேசாமல் இருந்தால், 'வாரயிறுதிகளில் எனக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பொறுப்புகள் இருக்கின்றன' என்று சொல்வது உண்மை, அது போதும். என்ன பொறுப்பு என்று நேரடியாகக் கேட்டால் மறைக்காமல், விளக்கமும் மன்னிப்பும் இல்லாமல், ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: 'வாரயிறுதியில் ஒரு மையத்தில் பாடம் நடத்துகிறேன்.' முன்அனுமதி வேண்டும் என்று விதி இருந்து, இரண்டு ஆண்டுகளாக வாங்காமல் இருந்திருந்தால், சனிக்கிழமைப் பேச்சை எடுப்பதற்கு முன்பே மனிதவளப் பிரிவிடம் அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள். தகராறு தொடங்கிய பிறகு தெரியவருவதைவிட அதற்கு முன் நீங்களே சொல்வது நல்லது. வேறு வேலையே கூடாது என்ற தடையில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், எதையும் எழுத்தில் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். அங்கே என் பொதுவான ஆலோசனை போதாது.

நான் கேட்டுக்கொள்வதெல்லாம், இரண்டாவது வேலையை உங்கள் கோரிக்கையின் காரணமாக ஆக்காதீர்கள் என்பதுதான். நீங்கள் அதைக் காரணமாகச் சொன்ன நிமிடத்தில் பேச்சின் பொருள் மாறிவிடுகிறது. அதுவரை கேள்வி, ஒப்புக்கொண்ட நேரத்தை நிறுவனம் ஏன் ஒருதலையாக மாற்றுகிறது என்பதாக இருக்கும். அதற்குப் பிறகு, உங்களுக்கு எந்த வேலை முக்கியம் என்று ஆகிவிடும். உங்களோடு வேலை செய்பவர்களில் ஒருவருக்கு வீட்டில் வயதான தாய் இருக்கலாம், ஒருவர் மாலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம், இன்னொருவருக்கு அந்த நாளில் தூங்குவதைத் தவிர வேறு திட்டமே இல்லாமல் இருக்கலாம். ஒப்பந்தத்தில் இல்லாத சனிக்கிழமை அவர்கள் எல்லோருக்கும் சமமாகச் சொந்தமானது. தூங்க விரும்புகிறவரின் சனிக்கிழமை உங்கள் சனிக்கிழமையைவிட மலிவானது இல்லை. காரணம் சொல்லித்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்றால், நல்ல காரணம் இல்லாதவர்கள் தங்கள் ஓய்வை இழப்பார்கள். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனம் தன் 24ஆம் பிரிவில், ஓய்வுக்கும் வேலை நேரத்தின் நியாயமான வரம்புக்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சொல்லும்போது, அந்த ஓய்வில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

மேலாளரிடம் முதலில் நேரில் பேசுங்கள், அதன் பிறகு எழுதுங்கள். நேரில் பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'இந்தச் சனிக்கிழமைகளில் எந்த வேலையை முடிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?' குற்றம் சாட்டும் குரலில் கேட்கக் கூடாது, தெரிந்துகொள்ளும் எண்ணத்தோடு கேளுங்கள். புதிதாக வந்த மேலாளருக்கு மேலிருந்து ஓர் அழுத்தம் இருக்கலாம். மாதக் கணக்கு முடிப்பது தாமதமாகிறது என்று பதில் வந்தால் நீங்கள் பேசுவதற்கு இடம் இருக்கிறது என்று பொருள். ஒரு சனிக்கிழமையின் எட்டு மணி நேரத்தை, கணக்கு முடிக்கும் வாரத்தில் நான்கு நாள் மாலை இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்துக் கொடுக்கலாம். பொருட்பட்டியல்கள் வந்து சேரும் தேதியை இரண்டு நாள் முன்னால் நகர்த்தினால் சனிக்கிழமையே தேவைப்படாமல் போகலாம். ஆறு ஆண்டு அனுபவமுள்ள உங்களுக்கு வேலை எங்கே தேங்குகிறது என்பது அவரைவிட நன்றாகத் தெரியும், அதை அவருக்குச் சொல்லுங்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தால் உழைப்பது போல் தெரியும் என்பதுதான் உண்மையான காரணமாக இருந்தால், அதுவும் அந்தப் பேச்சிலேயே வெளிப்பட்டுவிடும்.

அன்று மாலையே, பேசியதை ஒட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, இன்று காலை நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. என் நியமன ஆணையின்படி வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்பதால், மாதம் இரண்டு சனிக்கிழமை என்ற ஏற்பாடு அதில் ஒரு நிரந்தர மாற்றம் என்று கருதுகிறேன். வாரயிறுதிகளில் எனக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பொறுப்புகள் இருப்பதால் இந்த மாற்றத்துக்கு என்னால் முழுமையாக உடன்பட இயலவில்லை. மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் வேலை நாள்களில் கூடுதலாக எட்டு மணி நேரம் வரை பணியாற்ற அணியமாக இருக்கிறேன். ஆண்டு இறுதிக் கணக்கு, தணிக்கை போன்ற தவிர்க்க முடியாத நேரங்களில், நான்கு வாரங்களுக்கு முன் தேதி தெரிவித்தால் சனிக்கிழமையிலும் வர முயல்வேன். அத்தகைய நாள்களுக்கு ஈடாக வேலை நாளில் விடுப்போ கூடுதல் ஊதியமோ உண்டா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

இதில் நான் அழுத்தம் கொடுப்பது நான்கு வாரம் என்ற சொற்களுக்கு. இரண்டாவது வேலை வைத்திருப்பவரின் உண்மையான எதிரி சனிக்கிழமை வேலையைவிட, வியாழக்கிழமை மாலை அறிவிக்கப்படும் சனிக்கிழமை வேலைதான். தேதி முன்கூட்டியே தெரிந்தால் பயிற்சி மையத்தில் வகுப்பை நகர்த்தலாம். தெரியாவிட்டால் மாணவர்கள் வந்து காத்திருப்பார்கள். மேலாளர் எல்லாவற்றையும் மறுத்து இந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டாலும் அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஈட்டு விடுப்பு என்று வாய்வழியாகச் சொன்னால், எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்க விடாமல் தள்ளிக்கொண்டே போய்க் காலாவதியான ஈட்டு விடுப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் எதற்கும் இறங்கிவரவில்லை என்றால்? சொல்லாமல் வராமல் இருந்துவிடுவதுதான் நீங்கள் செய்யக்கூடியவற்றில் மிக மோசமானது. அது ஒரு நியாயமான தகராறை அனுமதியின்றி வராத குற்றமாக மாற்றிக் கொடுத்துவிடும். காரணமே சொல்லாமல் வேலையிலிருந்து நீக்க முதலாளிக்கு உரிமை தரும் இடங்களும் உண்டு, அறிவிப்பும் விசாரணையும் இல்லாமல் நீக்க முடியாத இடங்களும் உண்டு. உங்கள் நிலை எது என்று தெரியும்வரை வீரம் வேண்டாம். ஆட்சேபத்தை எழுத்தில் வைத்துவிட்டு, 'ஆட்சேபத்தை விட்டுக்கொடுக்காமல் வருகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். மாதக்கணக்கில் ஒன்றும் சொல்லாமல் வந்துகொண்டிருந்தால், மாற்றத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று பிறகு வாதிட இடம் கொடுத்ததாகிவிடும். போகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்த நேரம், கிளம்பிய நேரம், செய்த வேலை ஆகியவற்றை உங்கள் சொந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இதே மின்னஞ்சல் உங்கள் பிரிவில் எல்லோருக்கும் வந்திருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். நீங்கள் ஒருவர் கேட்டால் சலுகை, ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் அது பிரிவின் கோரிக்கை. தொழிற்சங்கம் இருந்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும்.

இதைப் படிக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊழியர் வாரயிறுதியில் இன்னொரு வேலைக்குப் போகிறார் என்று தெரிந்தால் விசுவாசக் குறைவு என்று கோபப்படாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் கொடுக்கும் சம்பளத்துக்கும் அவருடைய தேவைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் அவர் அந்த இரண்டு நாளில் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அந்த வருமானத்தை நிறுத்திவிட்டு ஈடாக எதுவும் தராவிட்டால், அவர் தேடப் போவது மூன்றாவது வேலையை இல்லை, உங்களுக்குப் பதிலாக வேறு முதலாளியைத்தான்.

உங்களிடம் நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். வாரத்தில் 40 மணி நேரம் அலுவலகம், 16 மணி நேரம் பயிற்சி மையம். மொத்தம் 56 மணி நேரம், ஏழு நாளும் வேலை. இரண்டு ஆண்டுகளாக உங்களுக்கு ஒரு முழு ஓய்வு நாள் இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிடும்போது, 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று மதிப்பிட்டார்கள். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. வேலை நாள்களில் கூடுதல் நேரம் தருகிறேன் என்று மேலாளரிடம் சொல்லும்போது, அந்த வாரம் 64 மணி நேரமாகும் என்பது உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வாரம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாதியையாவது விட்டுக்கொடுங்கள். ஒரு சிகிச்சையின் கடனை அடைக்கப் போய் இன்னொரு சிகிச்சைக்கு வழி செய்துவிடக் கூடாது. வங்கியிடம் பேசி 14 மாதத் தவணையை 18 அல்லது 20 மாதமாக நீட்டிக் கேட்டால் வட்டி சற்றுக் கூடும். ஆனால் மாதத்துக்கு இரண்டு நாளாவது உங்களுக்குத் திரும்பக் கிடைக்கலாம். அதையும் ஒரு வழியாக யோசித்துப் பாருங்கள்.

பயிற்சி மையத்தோடு இந்த வாரமே பேசிவிடுங்கள். அலுவலகத்தோடு முடிவு தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அலுவலகத்தில் மாத நடுவில் சனிக்கிழமை தேவைப்படுவது குறைவாகத்தான் இருக்கும், மாத முடிவிலும் அடுத்த மாதத் தொடக்கத்திலும்தான் நெருக்கடி வரும். அந்தச் சனிக்கிழமைகளின் வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கோ வேறொரு ஆசிரியரின் நாளுக்கோ மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும், மேலாளரைப் பார்க்கும்போது எந்தெந்தச் சனிக்கிழமையை உங்களால் தர முடியும், எதைத் தரவே முடியாது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். நியமன ஆணையின் நகல் கையில் இல்லையென்றால், நாளைக் காலை மனிதவளப் பிரிவில் ஒரு நகல் கேளுங்கள். அதை ஊழியர்கள் எத்தனையோ தேவைக்குக் கேட்பார்கள், காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.